காற்றை விடச் சொன்னவர்

பிள்ளைகளே, கனடாவின் மொன்றியல் நகரிலிருந்து மூன்று ஜீப்புகளில் ஒரு மணல் தீவுக்குக் கூடாரம் அடித்துத் தங்கப் போனோம். எங்கள் கூட்டத்துக்குத் தலைவராக வந்தவர் இடுப்பில் கட்டிய சாரத்துக்கு மேல் உயிர்காப்பு அங்கி போட்டிருந்தார். எதைச் சொல்வதற்கு முன்னும் விசில் ஊதுவார். தேத்தண்ணிக்குக் கூப்பிடவும் விசில்தான்.

கடற்கரையில் எங்கள் ஜீப் மணலில் புதைந்தது. கடலோ ஏறிக்கொண்டிருந்தது. நான் அக்சிலேட்டரை அமத்த அமத்தச் சில்லு சுழன்று மணலுக்குள் இன்னும் தாழ்ந்தது. அவர் ஓடிவந்து விசில் ஊதினார்.

"அண்ணை, காத்தை விடுங்கோ!"

பின்சீட்டில் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்பா, கெதியா விடுங்கோவன்!" என்றாள் மகள்.

எனக்குக் கோபம் வந்தது. "பிள்ளையளுக்கு முன்னால இதென்ன கதை?"

"இஞ்ச எல்லாரும் விடத்தான் வேணும். நான் வரேக்கையே விட்டிட்டன்."

அலையொன்று முன்சில்லை நனைத்தது. அவர் குந்தியிருந்து டயர் வால்வைக் குச்சியால் அழுத்தினார். புஸ்ஸென்று காற்று இறங்கியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான்கு டயர்களும் மெத்தென்று அகன்றதும் நான் மெல்ல ஓட்ட, ஜீப் மணலை விட்டு மேலேறியது.

"அடக்கி வச்சிருந்தா இப்பிடித்தான் அண்ணை," என்றார், முகத்தில் ஒன்றும் அசையாமல்.

அவர் டயரைத்தான் சொன்னாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.