கூடைக்குக் கீழே ஈரம்

தவராஜாவுக்குக் கூடைப்பந்தின் விதிகளை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். சுவிஸில், வின்டர்தூரிலிருந்து ரயிலில் இருபது நிமிடம் போனால் வரும் சிறு நகரம் ஒன்றின் விளையாட்டு மண்டபத்தில் அவர் ஹவுஸ்வார்ட், அதாவது பராமரிப்பாளர். மண்டபத்தின் திறப்புக் கொத்து, விளக்குகள், வெந்நீர்க் குழாய்கள், தரை எல்லாம் அவர் பொறுப்பு. தொண்ணூற்றொன்றில் இருபது வயதில் இலங்கையிலிருந்து அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கி, நாற்பது வயதுக்குப் பிறகு டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பரீட்சை எழுதி எடுத்த வேலை அது. அதில் அவருக்குப் பெருமை இருந்தது. பதினொரு வருடங்களில் ஒரு முறைப்பாடுகூட வந்ததில்லை.

நகரத்தின் தொழில்முறை அணிக்கு டோஸ்டால் லுக்ஸ் என்று பெயர். நாட்டின் முதற்பிரிவில் விளையாடியது. அந்தப் பருவம் செப்டம்பர் கடைசியில் தொடங்கியபோது மண்டபத்தில் அறுநூறு பேர் இருந்தார்கள். முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. நான்காவதில் நாற்பத்தொரு புள்ளி வித்தியாசம். நவம்பரில் பயிற்றுநரை மாற்றினார்கள். நத்தார் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன அமெரிக்க வீரர்கள் இருவரில் ஒருவர் திரும்பி வரவேயில்லை. ஜனவரியில் பார்வையாளர்களை எண்ணுவதற்கு ஒரு நிமிடம் போதும் என்றாகிவிட்டது.

அதுவரை கூடைகளுக்குக் கீழே ஈரம் துடைக்கக் கழகத்தின் இளையோர் பிரிவிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். வீரர் ஒருவர் விழுந்தால் அவருடைய வியர்வை தரையில் அப்படியே ஒட்டிக்கிடக்கும். பந்து மறுபக்கம் போன கையோடு ஓடிப்போய் அகலமான மொப்பால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஏழெட்டு விநாடி வேலை. ஜனவரியில் பெற்றோர் பிள்ளைகளை வேறு கழகங்களுக்கு மாற்றிவிட்டார்கள். கழகத் தலைவர் ருக்ஸ்டூல் தவராஜாவிடம் வந்தார்.

"ஹெர் தவராஜா, நீங்கள் எப்படியும் மண்டபத்தில்தானே இருக்கிறீர்கள். இந்தப் பருவம் முடியும்வரை பார்த்துக்கொள்வீர்களா?"

அவர் சம்மதித்தார். இரண்டு கூடைக்கும் ஒரே ஆள்.

அப்படித்தான் அணித்தலைவர் லோயிக்குடன் பழக்கம் ஏற்பட்டது. பிரெஞ்சு பேசும் நுஷாத்தலில் பிறந்தவர், முப்பத்திரண்டு வயது, இரண்டு மீற்றர் உயரம். ஆட்டத்துக்கு முன் கூடைக்குக் கீழே இருந்த தவராஜாவின் முக்காலியருகே வந்து குனிந்து கை கொடுப்பார். "இன்றைக்காவது வெல்வோமா, தாவா?" என்று, பெயரைச் சுருக்கி, உடைந்த டொச்சில் கேட்பார். "ஓம், இன்றைக்கு" என்பார் தவராஜா. அந்தத் தமிழ் 'ஓம்' லோயிக்குக்குப் பிடித்துப்போனது. தோற்றுத் தோற்று மற்ற வீரர்களின் முகங்கள் செத்துப்போயிருந்தன. இவர் மட்டும் முப்பது புள்ளி பின்னால் நிற்கும்போதும் பந்துக்காகத் தரையில் பாய்வார். மனிதர் ஏன் இப்படிப் பாய்கிறார் என்று தவராஜா யோசித்ததுண்டு. மெல்ல மெல்ல, தானும் சனிக்கிழமைகளை எதிர்பார்க்கத் தொடங்கியதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

பதினைந்து ஆட்டங்களிலும் தோற்றிருந்தார்கள். பதினாறாவது, பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மாலை, டிசினோவிலிருந்து வந்த அணியுடன். ஏனோ அன்றைக்கு எல்லாம் கூடிவந்தது. எறிந்ததெல்லாம் விழுந்தது. இன்னும் இரண்டு நிமிடம். லுக்ஸ் மூன்று புள்ளி முன்னால். எழுபது பேர் அறுநூறு பேரின் சத்தம் போட்டார்கள்.

அப்போது எதிரணியின் பெரிய ஆள் ஒருவர் தவராஜாவின் பக்கக் கூடைக்குக் கீழே பொத்தென்று விழுந்து எழுந்தார். முதுகின் அளவுக்கு ஈரம் பளபளத்தது. பந்து மறுபக்கம் போனது. தவராஜா அந்த ஈரத்தைக் கண்டார். மொப் கையில் இருந்தது. அதே நேரம் மறுபக்கம் லோயிக் எறிவதற்காக எழும்பினார். தவராஜாவும் எழுந்து நின்று பார்த்தார். பந்து வளையத்தைச் சுற்றி உள்ளே விழுந்தது. இப்போது ஐந்து புள்ளி முன்னால். அவர் கத்தினார்; என்ன கத்தினார் என்று பிறகு ஞாபகமில்லை. அதற்குள் ஆட்டம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

லோயிக் பின்னோக்கி ஓடிவந்து, எதிராளியைத் தடுக்க வலது காலை ஊன்றினார். கால் வழுக்கி வெளியே போனது. முழங்கால் உள்ளே மடிந்தது. காய்ந்த தடியை முறித்ததுபோல் ஒரு சத்தம் மூன்றடி தூரத்தில் இருந்த தவராஜாவுக்குத் தெளிவாகக் கேட்டது. லோயிக் கத்தவில்லை. வாயைத் திறந்தபடி காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு லுக்ஸ் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. நான்கு புள்ளியால் தோற்றார்கள்.

மண்டபத்தில் விபத்து நடந்தால் பொறுப்பாளர் படிவம் ஒன்று நிரப்பிக் கழகம் வழியாக, மண்டபத்தின் சொந்தக்காரரான நகரசபைக்கு அனுப்ப வேண்டும். தரையின் நிலை என்ன என்று படிவத்தில் ஒரு கேள்வி. அன்றே தவராஜா 'உலர்ந்திருந்தது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அதுதான் பிறகு அவரைக் கூடுதலாக வருத்தியது.

ஞாயிறு மத்தியானம் மனைவி கஜலக்சுமி சோற்றைப் போட்டு வைத்தார். தவராஜா கை வைக்கவில்லை.

"என்னப்பா, சுகமில்லையோ?"

நடந்ததைச் சொன்னார். கஜலக்சுமி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்பவர். படிவம், கையெழுத்து என்றால் என்னவென்று தெரிந்தவர். அகப்பையைக் கீழே வைத்தார்.

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை. என்னைத் தவிர ஒருத்தரும் காணேல்லை."

"பிறகென்ன? கேக்காத ஆக்களிட்டப் போய் ஏன் சொல்லுறியள்? நாளைக்கு வேலையாலை நிப்பாட்டினால் இந்த வயசிலை ஆர் உங்களுக்கு வேலை தருவினம்?"

"அவன் நடக்கேலாமல் கிடக்கிறான், லச்சுமி."

"நீங்கள் சொன்னால் எழும்பி நடப்பானோ?"

தவராஜா சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை ருக்ஸ்டூலிடம் போனார். படிவத்தைத் திருத்த வேண்டும், தரை ஈரமாக இருந்தது, தான் துடைக்கவில்லை என்றார். ருக்ஸ்டூல் கதவைச் சாத்தினார்.

"விளையாட்டில் இது நடப்பதுதான். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை உங்களிடம் தந்தது கழகம். நீங்கள் இதை எழுதினால் நாளைக்கு என்னிடமும் கேட்பார்கள். எல்லோரும் களைத்துப்போயிருக்கிறோம். விட்டுவிடுங்கள்."

அன்பாகத்தான் சொன்னார். வெளியே வந்தபோது தவராஜாவுக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. பஸ் தரிப்பிடம் வருவதற்குள் அந்த ஆறுதலை நினைக்க அருவருப்பாக இருந்தது.

அந்த ஆட்டம் முடிந்து மூன்றாம் வாரம், சத்திரசிகிச்சைக்குப் பிறகு, லோயிக்கின் வீட்டு மணியை அடித்தார். கழகம் கொடுத்திருந்த மூன்றாம் மாடி வீடு. லோயிக் காலை நீட்டியபடி சோபாவில் இருந்தார். இரண்டு தசைநார்கள் அறுந்திருந்தன, குருத்தெலும்பும் போய்விட்டது. இனி விளையாட முடியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். தவராஜா கோட்டைக் கழற்றாமல், நின்றபடியே, எழுதிப் பாடமாக்கி வந்த டொச் வசனங்களைச் சொன்னார். ஈரத்தைக் கண்டேன். துடைக்க நேரம் இருந்தது. உங்களுடைய எறிதலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

லோயிக் காலுக்குக் கீழே இருந்த தலையணையை இழுத்துச் சரிசெய்தார்.

"அந்த வாரம் முழுவதும் எனக்கு முழங்கால் வலி" என்றார். "யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால்தான் இப்படி ஆனது, என் பிழை என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தேன்."

"இல்லை. தரை..."

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை." குரல் உயரவில்லை. "என்னை மட்டும் திட்டிக்கொண்டிருந்தது சுலபமாக இருந்தது, தாவா. இப்போது போ."

தவராஜா படியிறங்கினார். அடுத்த நாள் புதிய படிவம் ஒன்றை நிரப்பி, ருக்ஸ்டூலிடம் கொடுக்காமல் நேரே நகரசபைக்குக் கொண்டுபோனார்.

பதில் ஏப்ரலில் வந்தது. மகள் ஜெனனி சமையலறையில் நின்று கடிதத்தின் கடினமான அலுவலக டொச்சை வாசித்து மொழிபெயர்த்தாள். முதலில் உண்மைக்கு மாறாக எழுதியதற்கு எழுத்துமூலக் கண்டனம்; அது அவருடைய வேலைக் கோப்பில் இருக்கும். ஆட்ட நாட்களில் இனி வேலை இல்லை. மாலைப் பொறுப்பு வேறொருவருக்கு.

"துடைக்காமல் விட்டதுக்கு?" என்று கேட்டார்.

"அதைப் பற்றி ஒண்டும் இல்லை, அப்பா. அது உங்கட வேலை ஒப்பந்தத்திலையே இல்லையாம்."

கஜலக்சுமி கடிதத்தை வாங்கி மடித்து வைத்தார்.

அணி அந்தப் பருவத்தில் ஒரேயொரு ஆட்டத்தில் வென்றது. அதுவும் கடைசிக்கு முந்தையது, பிரெஞ்சுப் பகுதியில் ஒரு வெளியூர் மண்டபத்தில். நகரத்தில் கொண்டாட யாரும் இல்லை. மே மாதம் கழகம் முதற்பிரிவிலிருந்து விலகிக்கொள்வதாக அறிவித்தது. வீரர்கள் ஒரு வாரத்துக்குள் தத்தம் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். வீடுகளை மாத முடிவுக்குள் ஒப்படைக்கச் சொல்லி எல்லோருக்கும் கடிதம் போனது.

மாதக் கடைசியில் ஒரு காலை தவராஜாவின் தொலைபேசி அடித்தது.

"உன்னிடம் கார் இருக்கிறதா?" வணக்கம்கூட இல்லை. லோயிக்தான். "எனக்குப் பெட்டி தூக்க முடியாது. இங்கே எனக்குத் தெரிந்தவர் என்று வேறு யாரும் இல்லை."

தவராஜா மகளின் காரை எடுத்துக்கொண்டு போனார். பதினேழு பெட்டிகள், ஒரு மேசை, கட்டில் பலகைகள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. லோயிக் படியில் உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னார். தவராஜா சுமந்தார். நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நின்றபோது லோயிக் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இரண்டு கார்ச் சுமை. வின்டர்தூரில் வாடகைக் களஞ்சியம் ஒன்றில் இறக்கினார்கள்.

மத்தியானம் லோயிக்கின் அக்கா நுஷாத்தலிலிருந்து காரில் அந்த வீட்டுக்கு வந்தார். முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, இரும்புப் பட்டை போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார் லோயிக். பிறகு வீட்டுத் திறப்பை நீட்டினார்.

"கழகத்தில் கொடுத்துவிடு."

"கொடுக்கிறேன்."

தம்பிக்கு உதவியதற்கு அக்கா தவராஜாவிடம் பிரெஞ்சில் பலமுறை நன்றி சொன்னார். லோயிக் அதைக் கேட்டுக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஈரத்தைப் பற்றி அவர் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை என்பது தவராஜாவுக்குப் புரிந்தது. தானே சொல்லிவிடலாமா என்று ஒருகணம் நினைத்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது.

கார் போனதும் மேலே ஏறி, வெறும் வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்.