தொங்கும் பள்ளத்தின் வாயில்

மேஸ்திரியை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என் மனம் கரைந்துபோகும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மைனில் பாறைக்குத் துளை போடுகிறவர். சுரங்கத்துக்குள் ஒரு வழக்கம் உண்டு. எத்தனை குழியில் மருந்து அடைத்தார்களோ அத்தனை வெடிச் சத்தம் கேட்க வேண்டும். எல்லாரும் ஒதுங்கி நின்று காதால் எண்ணுவார்கள். ஒன்று குறைந்தாலும் யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது. போகலாமா கூடாதா என்று முடிவு சொல்வது மேஸ்திரி. அன்றைக்கு ஏழு குழி. மேஸ்திரி போகச் சொன்னான், இவர் போனார், வெடிக்காமல் கிடந்த குழியில் இவருடைய உளி பட்டது. மேஸ்திரி மேலே வந்து, செத்தவன் குடித்திருந்தான், தப்பாக எண்ணிவிட்டான் என்று கதை கட்டினான். கூட இருந்தவர்கள் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டார்கள்.

எங்கள் சபையில் குடியைப் போல வேறு பாவம் கிடையாது. பாதிரியார் அவரைக் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, கள்ளிச் செடிகளுக்கு நடுவே புதைக்கச் சொன்னார். சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுஷன். அவரைச் சுவருக்கு உள்ளே கொண்டுவர வேண்டும், அதுவும் அந்த மேஸ்திரியின் வாயாலேயே நடக்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

அடுத்த கோடையில் மலை பார்க்கிற துரை ஒருவர் வந்தார். தங்க வயலுக்குக் கிழக்கே இருக்கும் மொட்டைப் பாறைக் குன்றுகளையும் அவற்றின் இடுக்குகளையும் ஒன்றுவிடாமல் பார்த்து எழுத வேண்டுமாம். மைனிலிருந்து, நிலம் அளக்கிற செயின் பிடிக்க நாலு ஆட்களை அனுப்பினார்கள். அவர்களுக்குத் தலைமை அதே மேஸ்திரி. கல் சுமக்க ஒரு பொம்பளை வேண்டும் என்றதும் நான் போய் நின்றேன்.

அந்த இடுக்குகளை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. சிலவற்றில் கூடையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் நுழைய முடியும். உச்சி வெயிலிலும் உள்ளே பாறை சில்லென்று இருக்கும். ஓரிடத்தில் பாறை முழுக்க விதவிதமான உருண்டைக் கற்கள் கடலை உருண்டை மாதிரி ஒட்டிக் கிடந்தன. துரை அங்கேயே இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு அந்தப் பள்ளத்தாக்கு வந்தது. மாட்டுத் தொட்டி போல அடி அகலமாக, இரண்டு பக்கமும் செங்குத்தாக. தண்ணீர் அறுத்த பள்ளம் அடியில் குறுகும் என்றும், தன் ஊரில் பனிக்கட்டி ஆறாக நகர்ந்து இப்படித் தொட்டி போல அறுக்கும் என்றும் துரை அரைகுறைத் தமிழில் சொன்னார். பெரிய பனி ஆழமாக அறுத்துவிட, பக்கத்துச் சின்னப் பள்ளங்கள் சுவரின் நடுவே அந்தரத்தில் நின்றுவிடுமாம். அண்ணாந்து கை காட்டினார். வடக்குச் சுவரில், மூன்று பனைமர உயரத்தில், ஓர் இடுக்கு வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. இந்த வெயிலில் பனியாவது ஆறாவது என்று ஆட்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இடுக்குக்குக் குன்றைச் சுற்றிப் போய்ப் பின்பக்கமாக இறங்கினோம். நடுவில் அது இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் ஆட்டுத்தடம் வழியாகப் பள்ளத்தாக்கின் தரைக்கு வந்துவிடலாம். இடது பக்கம் வழவழவென்ற பாறைச் சறுக்கல். சறுக்கினால் தொங்குகிற வாயில்தான் போய் நிற்க வேண்டும், கயிறு இல்லாமல் மேலே ஏற முடியாது. துரை கயிறு கட்டி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். மைனில் மூடிய வழிக்குப் போடுவதுபோல இடது பக்கத்தில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டோம்.

மறுநாளும் அதே வழியாக வந்தோம். முந்தின நாள் மேஸ்திரி எங்களோடு இறங்கவில்லை, அவனுக்கு வழி தெரியாது. புகையிலை போட்டுக்கொண்டு எப்போதும் கடைசியில்தான் வருவான். மற்றவர்களை முன்னே போகவிட்டு, ஈர முந்தானையால் அந்தக் குறியைத் துடைத்தேன். துளி வெள்ளை இல்லாமல் துடைத்தேன். இடது பக்கத்திலிருந்துதான் காற்று வரும் என்று எனக்குத் தெரியும். விளக்கு அணைந்து வழி தெரியாவிட்டால் காற்று வரும் பக்கம் போ என்பதுதான் மைன்காரன் படித்த பாடம். இருபது வருஷம் சுரங்கத்தில் கிடந்தவன் வேறு எங்கே போவான்?

கீழே கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து சத்தம் வந்தது. வாயின் விளிம்பில் மேஸ்திரி நின்றிருந்தான். யாரும் எழுந்திருக்கும் முன்னே கயிற்றுச் சுருளோடு நான் ஓடினேன்.

சறுக்கலின் மேலே ஒரு மர வேரில் கயிற்றைக் கட்டிவிட்டு உட்கார்ந்தேன். கயிற்றைக் கீழே விடவில்லை. அவன் கீழே கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"கயிறு போடும்மா. காலு நிக்கல."

"அன்னிக்கு எத்தினி வெடி கேட்டுது?"

"இன்னாம்மா இது, இப்போ போயி... ஏழு."

நான் கயிற்றை அவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஆறு. ஆறுதாம்மா."

"எங்கிட்ட சொல்லாத. திரும்பி நின்னு கீழ இருக்கறவங்களாண்ட சொல்லு."

அதுவரை அவனிடம் நான் நேரில் இப்படி மரியாதை விட்டுப் பேசியதில்லை.

அவன் விளிம்புக்குப் போய்க் கத்தினான்: "ஆறு வெடிதான் கேட்டுது. அவன் ஆறுன்னுதான் சொன்னான். ஏழுன்னு சொல்லி நாந்தான் உள்ள அனுப்பினேன். அவன் குடிக்கல."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னான். கீழே ஆட்கள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கயிற்றைப் போடாமலே போய்விடலாமா என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். ஆனால் இவன் செத்தால் பாதிரியாரிடம் வந்து யார் சொல்வது? அதற்காகத்தான் போட்டேன்.

பனி இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று எழுதிக்கொண்டு துரை போய்விட்டார். மேஸ்திரி பாதிரியார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னான். நாலு செயின் ஆட்களும் சாட்சிக்கு வந்தார்கள். சுவருக்கு வெளியே தோண்டி, கிடைத்த எலும்புகளைப் புதுப் பெட்டியில் வைத்து உள்ளே கொண்டுபோனோம். பெட்டியின் தலைமாட்டை மேஸ்திரிதான் தூக்க வேண்டும் என்றேன். தூக்கினான். அழுதுகொண்டே தூக்கினான். எனக்கு அது இனித்தது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறான். சபையாரெல்லாம் சேர்ந்து பரமண்டல ஜெபம் சொல்லும்போது நானும் உரக்கச் சொல்வேன். பிறரை மன்னிக்கிறோம் என்கிற இடம் வந்ததும் நிறுத்திக்கொள்வேன். ஒவ்வொரு வாரமும் அந்த இடத்தில் அவன் தலை தாழ்கிறது. அது நிமிர்ந்த பிறகுதான் ஆமென் சொல்கிறேன்.