எந்த வண்டி வந்திருக்கிறது?

கோகிலவாணி அக்காவுக்கு அந்தப் பரீட்சைதான் கடைசி வாய்ப்பு. அந்த வருஷத்தோடு அரசாங்க வேலைக்கான வயது வரம்பு அவருக்கு முடிந்துவிடும். பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம், குமரேசன் அண்ணாவின் பழைய இரும்புக் கடையில் சாமான்களைப் பிரித்துப் போடுவது அவர் வேலை. மதியச் சோற்றுக்குப் பிறகு தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே எடை எழுதும் நானும் அவரும் ஒரே பரீட்சைக்குப் படிப்போம். எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு, வரலாறு எல்லாம் அக்கா வெளுத்து வாங்குவார். முதல் ஜோடியைப் போலவே இரண்டாவதைப் பொருத்தும் ஒப்புமைக் கேள்வி வந்தால் மட்டும் கவிழ்ந்துவிடுவார்.

“செம்பு, கடத்தி. அப்போ கண்ணாடி?” என்று கேட்டேன்.

“உடையிற பொருள்.”

“ஐயோ, கர்த்தரே! கரண்டைக் கடத்தாத பொருள், அக்கா. அதுவும் கீழ விடைகள்ல இருக்கே!”

“கண்ணாடி வந்தா நான் இன்னா பண்றேன்? உடையும்னு தனி சாக்குல போடறேன். ஏன், உடையாதா அது?” அக்காவும் எகிறினார்.

உடையும்தான். அதனால்தான் எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. “இந்தக் கேள்வியிலயே கோட்டை விடப் போறீங்க!” என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

வாசலில் லாரிச் சத்தம் கேட்டது. “கோகிலா, கேபிள் எடுத்தா!” என்றார் அண்ணா.

“எந்த வண்டிண்ணா வந்துகீது?”

எப்போதும் கேட்பதுதான். செம்பு வியாபாரி வண்டி என்றால் உள்ளே இருக்கும் கம்பி போகும். பிளாஸ்டிக் வியாபாரி வண்டி என்றால் உரித்த மேல்தோல் போகும். வண்டி யாருடையது என்று தெரியாமல் அக்கா எதையும் தொடமாட்டார்.

அன்று கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

“ஜோவி, மொத ஜோடிதான் வண்டி! செம்ப கடத்தின்னு சொல்றான் இல்ல? அப்போ கரண்டு வண்டி வந்துகீது. கண்ணாடியையும் கரண்டுக்குத்தான் பிரிக்கணும். உடையறது வேற வண்டி!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதன் பிறகு நான் எந்த ஒப்புமைக் கேள்வியைப் படித்தாலும், “எந்த வண்டி?” என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

பரீட்சை முடிவு வந்தது. அக்கா தேறிவிட்டார். நான் தேறவில்லை. வயிறு எரிந்தது, பொய் சொல்லமாட்டேன். அவரைக் கட்டிக்கொண்டு சந்தோஷத்திலும் அழுதேன்.

அவர் வேலையில் சேர்ந்த பிறகு வந்த முதல் ஞாயிறு, நான் சர்ச் முடிந்து வந்துகொண்டிருந்தேன். கடையில் அதே தராசுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் எங்கள் கேள்விப் புத்தகம்.

“உனக்கு இன்னும் வயசு கீது, உக்காரு,” என்றார். “இப்போ நான் கத்தறேன், நீ பதில் சொல்லு.”