ஆறு கம்பிக்கு எத்தனை மிதி

காதில் மாட்டும் ஒரு ஹெட்செட் வாங்க என் மகன் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்கிறான். தட்டில் ரசம் சோறு ஆறிக் கிடக்கிறது. செல்போனில் எவனோ ஒருவன் இரண்டு கையிலும் இரண்டு ஹெட்செட்டை வைத்துக்கொண்டு பேசுவதை இவன் வாயைப் பிளந்து பார்க்கிறான். "இதுல பேஸ் ஜாஸ்திம்மா, ஆனா அதுல சார்ஜ் நிக்கும்" என்கிறான். எதையாவது ஒன்றை வாங்கித் தொலையேன்டா என்று கத்திவிட்டுக் கை கழுவப் போனபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவன் பிறப்பதற்கு முன்பே இவன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம் அது.

இவன் அப்பா மாட்டிக்கொண்டது ஒரு கிடாரில். சாதாரணக் கிடார் என்றால் நான் ஏன் புலம்பப் போகிறேன்? இது மேசை மாதிரி நான்கு காலில் படுத்துக் கிடக்கும். இடது கையில் ஒரு உருளை இரும்பைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வழுக்க வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும், அது போதாதென்று காலால் பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். பெடல் ஸ்டீல் கிடார் என்று பெயர். அன்றைக்குக் கடலூரில் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நாங்களும் பார்த்ததில்லை. பார்த்தேயிராத ஒன்றுக்காகத்தான் எங்கள் வீட்டில் அத்தனை சண்டையும்.

கல்யாணமாகி 2004இல் செம்மண்டலத்தில் ஒரு சின்ன போர்ஷனுக்குக் குடிவந்தோம். முன்னால் ஒரு அறை, பின்னால் சமையல், மேலே ஆஸ்பெஸ்டாஸ். எனக்கு வேலை சிதம்பரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். அந்த இடத்தின் வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது. சூடான பிரிண்டர் மை, முதலாளி காலையில் ஏற்றும் ஊதுபத்தி, ரிசல்ட் பார்க்க நெருக்கியடித்து நிற்கும் பிள்ளைகளின் வியர்வை. சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது செம்மங்குப்பம் வந்ததும் எல்லோரும் சடசடவென்று ஜன்னலைச் சாத்துவார்கள். ரசாயன ஆலைகளின் நாற்றம். நான் மட்டும் சாத்த மாட்டேன். அந்த நாற்றத்தைச் சட்டையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிற மனுஷனோடுதானே குடித்தனம், புதிதாக என்ன?

இவர் அங்கே ஓர் ஆலையில் ஃபிட்டர். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். மாதா கோயிலில் பாடல் குழுவுக்கும் அவர்தான். பெண் பார்க்க வந்தபோது சம்பளத்தைச் சொல்வதற்கு முன்னால் கிடாரைப் பற்றித்தான் சொன்னார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். கல்யாணமான மறுவருஷம் ஒரு பம்பைக் கழற்றும்போது இடது கை நசுங்கியது. மோதிர விரலும் சுண்டு விரலும் பிழைத்துக்கொண்டன, ஆனால் மடங்கவில்லை. நீட்டியது நீட்டியபடியே நின்றுவிட்டன. வேலையில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். மெல்லிசைக் குழுவில் வேறொரு பையன் வந்தான். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் பூசைக்கு இவர் பாடல் குழு பக்கமே போகாமல், கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தார். பாட்டு ஆரம்பித்ததும் வெளியே எழுந்து போய்விட்டார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நான் பூசை முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு இருந்த பயம் பணத்தைப் பற்றியது இல்லை. இந்த மனுஷன் இனி வாசிக்கவே போவதில்லையோ என்பதுதான்.

ஒரு லீவு நாளில் என்னைக் கூப்பிட சென்டருக்கு வந்தவர், சும்மா இருக்காமல் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். ஆமை வேகத்தில் ஒரு படம் மேலிருந்து கீழே இறங்கியது. எந்த ஊரோ, ஒரு தொப்பிக்காரக் கிழவர் மேசை மாதிரி ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கையில் இரும்பு. கடைசி இரண்டு விரல்களும் நீட்டியபடி கம்பிமேல் படுத்திருக்கின்றன. அப்படி நீட்டி வைத்தால்தான் கம்பி கரகரக்காதாம்.

"ஏம்மா, இதுக்கு வெரல் மடங்க வேணாம்" என்றார். அவர் குரல் அப்படி நடுங்கி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அன்றைக்கு நானும் சந்தோஷப்பட்டேன். பட்டிருக்கக் கூடாது.

பாண்டிச்சேரியில் யாரிடமோ பழைய ஹவாயன் கிடார் ஒன்று கிடைத்தது. ஆறு கம்பி, பெடல் கிடையாது. பெடல் வைத்துக்கொடுக்க என் தம்பி ஸ்டீபன் இருந்தான். சிதம்பரத்தில் கிரில் பட்டறை வைத்திருந்தான். சைக்கிள் பிரேக் ஒயர், ஆங்கிள் இரும்பு, ஸ்பிரிங் எல்லாம் அவன் பொறுப்பு. மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. ஆறு கம்பியையும் எந்தெந்தச் சுருதியில் கட்டுவது, எந்த மிதி எந்தக் கம்பியை எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு சாயங்கால வேலை என்று நான் நினைத்தேன்.

உலகத்தில் இதற்கு முக்கியமாக இரண்டு முறை இருக்கிறதாம். ஒன்று ஈ நைன், இன்னொன்று சி சிக்ஸ். இரண்டுக்கும் சார்ட் உண்டு. அந்த சார்ட் எல்லாம் பத்துக் கம்பிக்குப் போட்டது, நம்மிடம் இருப்பதோ ஆறு. எந்த நாலை விடுவது? விட்டால் எந்த மிதி வீணாகும்? வீணான மிதிக்கு வேறு என்ன வேலை கொடுப்பது? சோறு போட்டால் கேள்வி, தண்ணீர் மொண்டு கொடுத்தால் கேள்வி.

"ஈ நைன்ல அழுவை நல்லா வரும். சி சிக்ஸ்ல கார்டு ஜாஸ்தி." நாலைந்து சுரம் சேர்ந்து ஒலித்தால் அதற்குப் பெயர் கார்டாம்.

"நமக்கு எதுங்க வேணும், அழுவையா, கார்டா?"

"ரெண்டும் வேணும்."

நான் சென்டரில் இருந்து சார்ட் சார்ட்டாகப் பிரிண்ட் எடுத்து வந்தேன். ஹால் டிக்கெட்டுக்கு நிற்கிற பிள்ளைகளைக் காக்கவைத்துவிட்டு எடுத்தேன். மை தீர்ந்ததற்கு முதலாளி என்னைத்தான் முறைத்தார். இவர் அதையெல்லாம் சோற்றுப் பருக்கை தடவிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். அரிசி டப்பாவுக்கு மேலே ஈ நைன், கேஸ் அடுப்புக்கு மேலே சி சிக்ஸ். பருக்கை ஒட்டியதால் எறும்பு வந்தது. எறும்பு வந்ததற்கு என் சமையலறை சுத்தமில்லை என்று அவரே குறை சொன்னார். கேட்டீர்களா கதையை!

ஸ்டீபன் பாவம். "மாமா, கடேசியா சொல்லு, எத்தினி பெடல்?" என்பான். நாலு என்பார் இவர். அவன் வெல்டிங் வைத்து எடுத்து வந்தால், "மூணு போதும்ப்பா, நாலாவது கால்ல இடிக்குது" என்பார். மூன்றாக வெட்டினால், சி சிக்ஸுக்கு நாலு வேண்டுமே என்று முகத்தைத் தொங்கப் போடுவார்.

"நான் கேட் அடிக்கிறவன் மாமா. கேட்டுக்கு ஒரு தாப்பா போதும்" என்று ஒருநாள் அவனும் வெடித்தான். அதற்கு இவர், "ஒனக்குப் புரியலப்பா, இது ஒருவாட்டி வச்சிட்டா அப்புறம் கால் அதுக்கே பழகிடும்" என்றார். பழகட்டுமே! பழகத்தானே இத்தனை பாடு?

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது ஷூ. வேலை விட்டு வந்ததும் சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து கிடாரின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். வெறுங்காலால் மிதித்தால் ஆங்கிள் இரும்பு பாதத்தை அறுக்கிறதாம். ஆலையின் அழுக்கெல்லாம் நான் துடைத்த தரையில். மாமியார் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள் செருப்புக் காலோடு நடக்க விடுகிறாளே என்று என்னைத்தான் பேசினார். ஸ்டீபன் மிதிகளுக்கு இடைவெளி வைத்ததும் அந்த ஷூவை அளந்துதான். ஈ நைனில் பக்கத்துப் பக்கத்து மிதி இரண்டை ஒரே பாதத்தால் சேர்த்து மிதித்தால், கை நகராமலே வேறு கார்டு வந்துவிடும். அந்தக் கைக்கு அதுதான் உயிர். ஷூவின் அகலத்துக்கு இரண்டும் கச்சிதமாக இறங்கின.

ஸ்டீபனுக்குக் கல்யாணம் கூடியது. குமராட்சிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயிலில் பூசை. "மாமா வாசிச்சாத்தான் நான் தாலி கட்டுவேன்" என்று சொல்லிவிட்டான். இவரும் தலையாட்டிவிட்டார். விபத்துக்குப் பிறகு ஜனங்களுக்கு முன்னால் வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரை மூன்றா, நாலா என்று ஆடிக்கொண்டிருந்து, கடைசியில் மூன்று மிதி, ஈ நைன் என்று ஒருவழியாக நின்றார். சாமான்களை மினி பஸ்ஸில் ஏற்றும்போது கண்டக்டர், "இன்னாமா, தையல் மிஷினா? லக்கேஜ் ஆவும்" என்றார். தையல் மிஷின் என்றால் நாலு ஜாக்கெட்டாவது தைத்திருக்கலாம் என்று சொன்னேன்.

எங்கள் ஊர்க் கோயிலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட வேண்டும், கோட் சூட் போட்ட மாப்பிள்ளைக்கும் அதே சட்டம்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இவருக்கும் தெரியும், அளவெடுத்த ஸ்டீபனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தருக்குக்கூட அது உறைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர் உட்கார்ந்து, வெறுங்காலை வைத்து மிதித்தார். சேர்த்து மிதிக்க வேண்டிய இரண்டு மிதிக்கும் நடுவில் கால் இறங்கியது. ஒன்று பாதி, ஒன்று கால்வாசி. கன்றுக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். முன்வரிசையில் இருந்த குழந்தை சிரித்தது. ஷூ, செம்மண்டலத்தில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

பெண் வீட்டார் வேன் வாசலில் வந்து நின்றுவிட்டது. இவர் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து கதவைப் பார்த்தார். எனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் ஞாபகம் வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்து சுருதிக் கட்டையைத் திருக ஆரம்பித்தார். "சி சிக்ஸுக்கு மாத்திட்டா ஒத்த பெடலு போதும்னு நெனைக்கிறேன்…"

எனக்கு வந்ததே ஆத்திரம்! பட்டுப்புடவையோடு நடுக்கோயிலில் நின்று கத்தினேன். "ஸ்டீபா, ரெண்டையும் சேத்துக் கட்டுடா!"

"சேத்துக் கட்டுனா தனித்தனியா மிதிக்க முடியாதேம்மா" என்றார் இவர்.

"தனித்தனியா மிதிச்சி இத்தினி நாளா நீங்க இன்னா கிழிச்சீங்க?"

மாப்பிள்ளை ஸ்டீபன் தன் வண்டிப் பெட்டியில் கட்டுக்கம்பி வைத்திருந்தான். பந்தல்காரர் போட்டுவிட்டுப் போன ரீப்பர் மரத்துண்டு ஒன்றை இரண்டு மிதியின் மேலும் குறுக்கே வைத்து, கோட்டோடு தரையில் மல்லாந்து படுத்து முறுக்கினான். எழுந்தபோது முதுகெல்லாம் தூசி. அவனைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கும்போதே பெண் உள்ளே வந்துவிட்டாள்.

காணிக்கைப் பாட்டுக்கு இவர் வாசித்தார். கால் இறங்கியதும் அந்தச் சத்தம் வழுக்கிக்கொண்டு மேலே ஏறி, கோயில் கூரைக்குப் போய் நின்றது. அசையாத இரண்டு விரல்களும் கம்பிமேல் அமைதியாகப் படுத்திருந்தன. ஜனங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் அழுதேன். எரிச்சலில் வந்த கண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கெல்லாம் அந்த ரீப்பர் கட்டையோடுதான் போனார். திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். வாரம் ஒரு புது சார்ட் கேட்பார். அடுத்த மாதம் அந்தக் கட்டையை அவிழ்த்துவிட்டு ஐந்து மிதி வைக்கப்போவதாகச் சொல்வார். நான் கத்துவேன், அவர் சோற்றைத் தடவி ஒட்டுவார். எறும்பும் வரும்.

2011 கடைசியில் புயல் வந்தது. எங்கள் கூரை பறந்து பக்கத்துத் தெருவில் கிடந்தது. கிடார் இரண்டு நாள் மழையில் நனைந்து, பலகை ஊதிப் பிளந்துவிட்டது. சுவரில் இருந்த சார்ட்டெல்லாம் கூழ். புதிதாக எடுக்கலாமென்றால், ஆளுக்கொரு செல்போன் வந்ததில் எங்கள் சென்டரையும் அதற்கு முன்பே மூடியிருந்தார்கள். இவர் இரும்பையெல்லாம் பழைய இரும்புக்காரருக்குப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டீபன் வந்தான். "மாமா, இன்னொண்ணு செய்லாம். இந்தவாட்டி பத்துக் கம்பி. எத்தினி பெடல் சொன்னாலும் வச்சித் தரேன், எத்தினி வாட்டி வேணும்னாலும் மாத்தித் தரேன்" என்றான். இவர் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன்.

"ஈ நைன் வைக்கலாங்களா, சி சிக்ஸா?"

"ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

அன்றைக்கு வந்த மாதிரி ஒரு கோபம் அவர்மேல் எனக்கு வந்ததே இல்லை.