கொலைகாரனின் வலது கண்

தெஸ்ஸாவின் கணவன் நெரி கம்பளிப் பொதி சுமப்பவன். அகன்ற கழுத்து, எப்போதோ உடைந்து வளைந்த மூக்கு. சியேனா நகரத்திலிருந்து வந்த ஓவியருக்கு அந்த மூக்கு பிடித்துப்போயிற்று. புனித மார்கரீத்தாவின் வாழ்க்கையை ஊர்க் கோயிலின் பீடத்துப் பலகையில் ஆறு காட்சிகளாக அவர் வரைந்துகொண்டிருந்தார். கடைசிக் காட்சியில் புனிதையின் தலையை வெட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. மூன்று நாள் வாளோடு நின்றதற்கு நெரிக்கு ஒரு குடம் திராட்சை ரசம் கிடைத்தது.

"என் மூஞ்சி கோயில் ஏறிடுச்சுடி. செத்தாலும் உன்னை விடமாட்டேன்" என்று சிரித்தான்.

அடுத்த கோடையில் கொள்ளைநோய். நெரியைப் பத்தோடு பதினொன்றாகச் சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். சிலுவைகூட நடவில்லை. தெஸ்ஸா தினமும் கோயிலுக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு நூல் நூற்கப் போவாள்.

புனிதையின் திருநாளன்று, அவளை வெட்டியவன் மேலுள்ள கோபத்தில், பக்கத்து வீட்டு மத்தேயா கொண்டை ஊசியால் படத்திலிருந்த கொலைகாரனின் இடது கண்ணைத் தோண்டினாள். மற்றப் பெண்கள் மூக்கையும் வாயையும் சுரண்டினார்கள்.

தெஸ்ஸா பங்குச் சாமியாரிடம் ஓடினாள். "சாமி, அது என் நெரி. வேண்டாம்னு சொல்லுங்க."

"புனிதை மேல கீறல் விழல இல்ல? பக்தியை நான் எப்படிம்மா தடுக்கிறது?"

மறு வருடத் திருநாளில் வலது கண் மட்டும் மிச்சமிருந்தது. தெஸ்ஸா அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"கொலைகாரன் மேல என்னடி பாசம்?" என்றாள் மத்தேயா.

"என் புருஷன்டி இது."

மத்தேயா குனிந்து பார்த்தாள்.

"அதானே, எங்கயோ பார்த்த கழுத்தா இருக்கேன்னு நினைச்சேன். இவனை நிக்க வெச்ச பாவந்தான் நோயா வந்துச்சோ என்னவோ. இந்தா, நீயே குத்து. இல்லேன்னா பலகையிலிருந்து ஆளையே செதுக்கி எடுத்துடுவோம்."

மத்தேயாவுக்கு அந்த நோயில் இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. சொன்னால் செய்வாள்.

தெஸ்ஸா ஊசியை வாங்கினாள். கண் சின்னது, சீக்கிரம் உதிர்ந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடம் அவள் அந்தப் பலகையின் முன்னால் மண்டியிட்டாள். புனிதை மேல் அவளுக்கு எவ்வளவு பக்தி என்று ஊர் மெச்சியது. அவள் பார்த்தது வாளைப் பிடித்திருந்த கையை. பொதி விழுந்து நகம் போன கட்டைவிரலை ஓவியர் அப்படியே வரைந்திருந்தார். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.