காயில் ஒயர் இல்லாத இன்ஜின்

நான் பல் டாக்டர். வீடு கடலூரில், கிளினிக் சிதம்பரத்தில். பிளாஸ்டிக் கார் மாடல் செய்யும் பழக்கம் நாற்பது வயதுக்கு மேல் என்னைப் பிடித்தது. அந்த வயதில் சிலருக்கு வேறு மாதிரிப் பழக்கங்களும் வரும் என்பதால் என் மனைவி கொஞ்ச நாள் பொறுத்துப்போனாள். பெயிண்ட் வாசனை சாம்பாரில் இறங்கிய அன்று கார்ப் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"ஒண்ணு இது வெளிய போவணும், இல்லன்னா நீங்க."

கார் என்னோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறியது.

ஒரு சாண் நீளத்தில், பழைய காலத்து நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் என்ற பெயரில் ஒரு கட்டி, அவித்த உருளைக்கிழங்கு மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒயர் இல்லை, டியூப் இல்லை. அதையெல்லாம் நாமே செய்து ஒட்டுவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பெரிய கெத்து. எனக்கு அதில் ஒரு வசதி. வேர் சிகிச்சையில் பல்லுக்குள் அடைக்கும் ரப்பர் குச்சியைச் சூடு காட்டி வளைத்துக் கறுப்படித்தால் ரேடியேட்டர் ஹோஸ். பல்வரிசையை நேராக்கும் கம்பி பெட்ரோல் பைப். பழைய டெலிபோன் ஒயரைச் சீவி எடுத்த செம்பு இழை பிளக் ஒயர். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் நாலு துளை போட்டு, நாலு பிளக்குக்கும் நாலு ஒயர் இழுத்தேன். கிளினிக் ஜன்னலோர அலமாரியில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, நானே நாலைந்து தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அன்று வந்தவர் ஒரு கார் மெக்கானிக். அண்ணாமலை நகர் போகும் சாலையில் ஷெட் வைத்திருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை. ஊசி போட்டு, வாயில் பஞ்சு வைத்து, "வலிச்சா இடது கையத் தூக்குங்க" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் கை தூக்கினார். இன்னொரு ஊசி போட்டேன். மறுபடியும் தூக்கினார்.

"இன்னுமா வலிக்குது?"

அவர் ஏதோ சொன்னார். பஞ்சுக்கும் மரத்துப்போன நாக்குக்கும் நடுவில் அது 'ஆயி ஒயவ்' என்று வந்தது. தாயை நினைத்து அழுகிறார் போலிருக்கிறது என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். என் கையைத் தள்ளிவிட்டு ஜன்னலைக் காட்டினார்.

கிளினிக்கில் எனக்கு உதவியாக இருக்கும் அக்காதான் முதலில் புரிந்துகொண்டார். "டாக்டர், அவரு உங்க கார காட்றாரு."

பஞ்சை எடுத்தேன். உதடு ஒரு பக்கம் தொங்க, எச்சில் ஒழுக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி அவர் சொன்னார்: "காயில் ஒயர் எங்க? காயில்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு நடுவுல அஞ்சாவது ஒண்ணு வரணும். அதுலதான் கரண்டே வரும். இந்த வண்டி ஸ்டார்ட்டே ஆவாது டாக்டர்."

பிளாஸ்டிக் கார் எப்படியும் ஸ்டார்ட் ஆகாது என்று நான் சொல்லியிருக்கலாம். எழுந்து போய் மூடியை எட்டிப் பார்த்தேன்; நடுவில் துளைகூட இல்லை. கோடைக்காலத்தில் கம்பளிச் சட்டை போட்டு மாட்டிக்கொண்டவன் போல வியர்த்தது.

பல்லைத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். மறுநாளே வந்தார், பல்லுக்காக அல்ல. ஐந்தாவது ஒயர் வந்துவிட்டதா என்று பார்த்தார். வந்திருந்தது. ஆனாலும் திருப்தியில்லை.

"ரொம்ப சுத்தமா இருக்குது. ஓடுன வண்டி இப்படியா இருக்கும்? ஷெட்டுக்கு வாங்க, காட்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு போய், ஒரு கிழட்டுக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டேன். ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்தது. பேட்டரியை யாரோ சைக்கிள் டியூபால் கட்டியிருந்தார்கள். நான் போட்டோ எடுக்க எடுக்க அவர் டார்ச் அடித்தார். அப்புறம் தினமும் மத்தியானம் கிளினிக்குக்கு வந்துவிடுவார். என் குட்டிக் காரின் பேட்டரிக்குச் சைக்கிள் டியூப் கூட வைத்தோம். ஆயில் கறை ஜாஸ்தியாகிவிட்டதா என்று அரை மணி நேரம் விவாதித்தோம்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் கன்னம் பந்துபோல வீங்கி வந்து நின்றார். தற்காலிக அடைப்பு எப்போதோ விழுந்திருந்தது.

"சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"தெனமும் பாக்குறீங்களே, நீங்க பாத்துப்பீங்கன்னு இருந்துட்டேன்."

நான் அவர் வாயைப் பார்க்கவே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. சீழை எடுத்து, மாத்திரை எழுதி, மன்னிப்பும் கேட்டேன். அக்கா காரை எடுத்துப்போய்ப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பல்லு முடியட்டும். அப்புறம் குடுக்குறேன், ரெண்டு பேருக்கும்."

பல்லை முடித்து மேலே உறை மாட்டிய அன்றுதான் சாவி வெளியே வந்தது. காரை வைத்து பானெட்டை மூடிப் பார்த்தோம். மூடவில்லை. ஏர் ஃபில்டர் இடித்தது.

"உள்பக்கம் லேசா தேய்ச்சிரலாம். மெஷின குடுங்க" என்றார்.

நான் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய துளைக்கும் மெஷினைக் கொடுத்தேன். அவர் காக்கிச் சட்டையோடு என் ஸ்டூலில் உட்கார்ந்து, பானெட்டைக் கையில் பிடித்துத் தேய்க்கத் தொடங்கினார். தூசியை இழுக்க நான் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் டியூபைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். "இன்னும் கிட்ட, இன்னும் கிட்ட" என்று அதட்டினார். கிட்டப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் கன்னத்தில் கைவைத்தபடி ஒரு பெண்மணி உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அக்காவிடம் திரும்பினார்.

"இதுல யாரும்மா டாக்டரு?"

"இப்போதைக்கு யாரும் இல்ல. செத்த நேரம் உக்காருங்க" என்றார் அக்கா.