இருபது கிலோமீட்டரும் நானூறு மீட்டரும்

முப்பத்தெட்டு விநாடியில் பேச்சியம்மாள் தேர்வை இழந்தாள்.

1994-இல் தேசிய சைக்கிள் போட்டிக்குப் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்க, திருவான்மியூரிலிருந்து மகாபலிபுரம் போகும் சாலையில் ஓட்டம் வைத்தார்கள். பத்து கிலோமீட்டர் போய், அங்கே சாலையில் போட்டிருக்கும் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். முப்பத்தைந்து நிமிடத்துக்குள் முடித்தால் தேர்வு. அவள் வந்து சேர்ந்தபோது 35:38 ஆகியிருந்தது.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஊர் தூத்துக்குடிப் பக்கம். தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை. விடியற்காலை அந்தச் சாலையில் இரண்டு வருடமாக ஓட்டிய கால்களுக்குத் தூரம் தெரியும். திரும்பும் கோட்டைப் பத்து கிலோமீட்டருக்கு அப்பால் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தோன்றியது. சொன்னால் யார் நம்புவார்கள்?

அவள் சைக்கிளைப் பார்த்துக்கொள்ளும் தேனாம்பேட்டை மெக்கானிக் அக்பர் பாஷா, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருவரிடம் சைக்கிள் மீட்டர் ஒன்றை வாங்கி வந்தார். முன்சக்கரக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் சென்சார், அங்கிருந்து ஹேண்டில்பாருக்கு ஒரு ஒயர். காந்தம் சென்சாரைக் கடக்கும்போதெல்லாம் மீட்டர் ஒரு சுற்று என்று எண்ணி, உள்ளே பதிந்திருக்கும் சக்கர அளவால் பெருக்கித் தூரத்தைக் காட்டும். அதைப் பொருத்திக்கொண்டு அதே தூரத்தை ஓட்டினாள். 20.95 காட்டியது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூடுதல்.

தேர்வை நடத்திய சைக்கிள் சங்கத்தின் செயலாளர் ராகவேந்திரன் மயிலாப்பூர்க்காரர். புகாரைக் கேட்டுக் கோபப்பட்டாலும் ஒரு வழி சொன்னார். நானூறு மீட்டர் ஓடுதளத்தில் பத்துச் சுற்று ஓட்டிக் காட்டட்டும்.

மறுநாள் காலை நந்தனத்தில் ஒரு மைதானத்தில் பத்துச் சுற்று ஓட்டினாள். நாலு கிலோமீட்டர் காட்ட வேண்டிய மீட்டர் 4.11 காட்டியது.

"இந்த மெஷினை நம்பிண்டா எங்களைக் குத்தம் சொன்னே?" என்றார் ராகவேந்திரன்.

பேச்சியம்மாள் குனிந்து மீட்டரை இன்னொரு முறை பார்த்தாள். மெதுவாக அக்பர் பாஷாவிடம் கேட்டாள். "அண்ணே, சக்கரத்தோட அளவை இதுல யாரு போட்டா?"

"யாரும் போடலமா. வாங்குறப்பவே ஏதோ ஒரு நம்பர் இருந்துச்சு. அதான் கீது."

பட்டனை அழுத்தினாள். 2155 என்று வந்தது. வேறு யாருடைய சக்கரத்துக்கோ போட்ட மில்லிமீட்டர்.

"சார், அரை மணி நேரம் குடுங்க. இது எஞ் சக்கரத்து அளவு இல்ல."

"பத்தரைக்கு எனக்கு ஆபீஸ்" என்று அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் போகவில்லை.

சிமெண்ட் தரையில் டயரின் வால்வு கீழே வரும்படி சைக்கிளை நிறுத்திச் சாக்பீஸால் கோடு போட்டாள். சீட்டில் ஏறி உட்கார்ந்தாள், உடம்பின் கனத்தில் டயர் அமுங்கினால்தான் சரியான அளவு கிடைக்கும். அக்பர் பாஷா பிடித்துக்கொள்ள, சக்கரம் ஒரு முழுச் சுற்று உருண்டு வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. துணி அளக்கும் டேப்பை வைத்து மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் 2098 மில்லிமீட்டர்.

மீட்டரில் இருந்த எண்ணை 2098 என்று மாற்றினாள்.

மீண்டும் பத்துச் சுற்று. கடைசி வளைவில் அவள் மீட்டரைப் பார்க்கவே இல்லை. ராகவேந்திரன்தான் குனிந்து பார்த்தார்.

"நாலு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்" என்றார். பிறகு நிமிர்ந்து, "அந்தக் கோட்டை என் ஸ்கூட்டர் மீட்டரைப் பார்த்துத்தான் போட்டேன்" என்றார்.

அடுத்த நாள் விடியலில் அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வர, கோடு வரை ஓட்டினாள். 10.20. போக வர நானூறு மீட்டர் கூடுதல்.

"அப்போ எம் பேரைச் சேப்பீங்களா சார்?"

"நானூறு மீட்டரைக் கழிச்சுக் கணக்குப் போட்டு வர்ற நேரத்துக்குப் பேர் எழுத முடியாதும்மா. கோட்டை மாத்திடறேன். தோத்தவா எல்லாரும் ஞாயித்துக்கிழமை திரும்ப ஓட்டட்டும்."

ஞாயிற்றுக்கிழமை திரும்பும்போது கடற்காற்று எதிரே அறைந்தது. மீட்டரில் வேகம் முப்பத்துநாலிலிருந்து முப்பத்திரண்டுக்கு இறங்கியது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் மூச்சு தொண்டையைக் கிழித்தது. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் இறங்க முடியாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

34:57.

ராகவேந்திரன் நேரத்தை இரண்டு முறை சரிபார்த்து, பட்டியலில் கடைசிப் பெயராகப் பேச்சியம்மாள் என்று எழுதினார். அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கடைக்கு நேரமாகிவிட்டது. போட்டிக்கு எட்டு நாள் லீவு வேண்டும் என்று எப்படிக் கேட்பது என யோசித்துக்கொண்டே அடையாறு பாலத்தில் சைக்கிளை மிதித்தாள்.